ஓர் அங்குலக் காற்று... ஒரு வீட்டின் காவல்!

குளிர் நாட்டு விறகடுப்பும், அதன் பின்னால் நிற்க வேண்டிய சுவரும்

அமெரிக்காவின் மெய்ன், வெர்மான்ட், மின்னசோட்டா போன்ற வட மாநிலங்களிலும் கனடாவிலும் ஜனவரி மாத இரவுகளில் மைனஸ் 20 டிகிரி குளிர் என்பது செய்தியே அல்ல. பனிப்புயலில் மின்கம்பிகள் அறுந்து கரன்ட் போனால், வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரும் சேர்ந்தே நின்றுவிடும். அப்போது கைகொடுப்பது வரவேற்பறையின் மூலையில் நிற்கும் வார்ப்பிரும்பு விறகடுப்புதான். நான்கு கட்டைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் போதும், மணிக்கணக்கில் அறை கதகதப்பாக இருக்கும். குழந்தைகள் அதன் முன்னால் கம்பளம் விரித்து உட்கார்ந்து படிப்பார்கள். ஈரக் கையுறைகள் பக்கத்தில் காயும்.

இது சமைக்கும் அடுப்பு அல்ல, குளிர்காயும் அடுப்பு. நன்றாக எரியும்போது இதன் இரும்பு உடம்பு 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும். அந்தச் சூடு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் போவதில்லை. அதே அளவு சூடு பின்னால் இருக்கும் சுவருக்கும் போகிறது. அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் ஒரு குடும்பத்தின் உயிரே அடங்கியிருக்கிறது.

மரத்தால் ஆன வீடு

நம் ஊர்க் கிராமத்து வீடுகளில் அடுப்பைச் சுவரை ஒட்டியே போடுவது வழக்கம். சுவர் மண்ணாக இருக்கும், அல்லது செங்கல்லாக இருக்கும். சுவர் கறுக்குமே தவிர எரியாது. நம் வீட்டு அடுப்படியில் பயமெல்லாம் மேலே இருக்கும் கூரைக்கும் பரணுக்கும்தான்.

வட அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பெரும்பாலான தனி வீடுகள் மரச்சட்டங்களால் ஆனவை. வரிசையாக நிறுத்திய மரச்சட்டங்களின்மேல் ஜிப்சம் பலகையை அடித்து, பெயின்ட் பூசியிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சிமென்ட் சுவர்போலத் தோன்றும். தட்டிப் பார்த்தால்தான் 'டொக் டொக்' என்று உள்ளே வெற்றிடம் ஒலிக்கும். வேலைக்காக அங்கே போய், பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடியேறும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடுவதில்லை. 'சுவர்தானே, அதற்கென்ன ஆகும்?' என்பது நம் ஊர் அனுபவம் சொல்லிக்கொடுத்த நம்பிக்கை.

மரம் சத்தமில்லாமல் கருகும்

புதிய மரம் தீப்பற்றுவதற்குப் பொதுவாக 250 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர் அந்த அளவுக்குச் சுடுவதில்லையே, பிறகு எப்படித் தீப்பிடிக்கும்?

மரம் நாள்பட்டுச் சூடாகும்போது நடப்பது வேறு. ஒவ்வொரு குளிர்காலத்திலும் மாதக்கணக்கில் மிதமான சூட்டிலேயே வாட்டப்படும் மரம், முதலில் ஈரத்தை இழக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து பழுப்பாகி, கடைசியில் கரிபோல ஆகிவிடும். கரி நுண்துளைகள் நிறைந்தது. ஆக்சிஜனை எளிதில் இழுத்துக்கொள்ளும், தானாகவே உள்ளுக்குள் சூடேறும். அந்த நிலைக்கு வந்த மரம், புதிய மரத்தைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே தீப்பற்றும். இந்த மாற்றம் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் அடுப்புக்கு அருகில் இருக்கும் மரம் நீண்ட நேரம் சுமார் 77 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று எச்சரிக்கிறார்கள் அமெரிக்கத் தீப்பாதுகாப்பு வல்லுநர்கள்.

'பத்து வருஷமா இந்த அடுப்பு இங்கேதான் இருக்கு, ஒண்ணும் ஆகலையே' என்று சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்பது இங்கே விளங்கும். ஒன்றும் ஆகாமல் கழிந்த ஒவ்வொரு வருடமும் சுவருக்குள் இருக்கும் மரத்தைத் தீக்கு இன்னும் கொஞ்சம் பக்குவப்படுத்தியிருக்கிறது. பதினோராவது வருடம், கடுங்குளிர் இரவில் வழக்கத்தைவிட இரண்டு கட்டைகள் கூடுதலாகப் போட்டுவிட்டு எல்லோரும் தூங்கப் போவார்கள். தீ சுவருக்கு உள்ளே தொடங்கும். வெளியே தெரியும்போது அது மேல்மாடிவரை ஏறியிருக்கும். இத்தனைக்கும் அடுப்பின் கதவு மூடியபடியே இருந்திருக்கும், ஒரு பொறிகூட வெளியே விழுந்திருக்காது.

பாடம் சொன்ன எழுபதுகள்

அமெரிக்காவுக்கு இந்தக் கவலை புதிதல்ல. விஞ்ஞானியும் அரசியல் தலைவருமான பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 1736-ல் ஃபிலடெல்ஃபியாவில் 'யூனியன் ஃபையர் கம்பெனி' என்ற தன்னார்வத் தீயணைப்புப் படையைத் தொடங்கிவைத்தார். சில ஆண்டுகள் கழித்து, 1740-களின் தொடக்கத்தில், குறைந்த விறகில் அதிகச் சூடு தரும் இரும்பு அடுப்பு ஒன்றையும் வடிவமைத்தார். தீயை அணைக்கவும் வளர்க்கவும் ஒரே மனிதர் யோசித்திருக்கிறார்!

பிறகு எண்ணெயும் எரிவாயுவும் மின்சாரமும் வந்தன. விறகடுப்புகள் பரணுக்குப் போயின. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து, எரிபொருள் விலை எகிறியதும் லட்சக்கணக்கான குடும்பங்கள் மறுபடி விறகுக்குத் திரும்பின. தாத்தா காலத்து அடுப்பைத் தூசி தட்டி எடுத்தவர்களும், புதிதாக வாங்கித் தாங்களே பொருத்திக்கொண்டவர்களும் ஏராளம். ஆனால், தாத்தாவுக்குத் தெரிந்திருந்த எச்சரிக்கை இடையில் ஒரு தலைமுறையில் தொலைந்துபோயிருந்தது. தவறாகப் பொருத்திய அடுப்புகளால் வீடுகள் எரிந்தன. இதையடுத்து, எரியக்கூடிய சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்ற அளவை ஒவ்வோர் அடுப்பின் மீதும் குறிப்பிட வேண்டும் என்று 1983-ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது.

மூன்று அடி ஓர் அடியாவது எப்படி?

அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 211 எண் விதித்தொகுப்புதான் இந்த விஷயத்தில் அந்த நாட்டின் அடிப்படை நூல். பாதுகாப்புச் சோதனை முத்திரை இல்லாத பழைய அடுப்பு என்றால், எரியக்கூடிய எந்தச் சுவரிலிருந்தும் அதை 36 அங்குலம், அதாவது மூன்று அடி தள்ளி வைக்க வேண்டும் என்கிறது அது.

சின்ன வீட்டில் மூன்று அடி என்பது பெரிய இடம். அடுப்பு கிட்டத்தட்ட நடு அறைக்கே வந்துவிடும். இந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் வெப்பக் கவசச் சுவர். எந்தக் கவசத்துக்கு எவ்வளவு சலுகை என்பதையும் விதியே சொல்லிவிடுகிறது.

மூன்றரை அங்குல கனத்துக்குச் செங்கல் சுவர், பின்னால் காற்று இடைவெளி இல்லாமல் எழுப்பினால், 36 அங்குலம் 24 அங்குலமாகக் குறையும். வெறும் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் 24 கேஜ் இரும்புத் தகட்டை, சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, காற்று ஓடும்படி நிறுத்தினால், 36 அங்குலம் 12 அங்குலமாகவே குறைந்துவிடும்!

மூன்றரை அங்குலச் செங்கல்லைவிட ஒரு மெல்லிய தகடு சிறப்பாகக் காக்கிறது என்றால், அது தகட்டின் மகிமை அல்ல. பின்னால் இருக்கும் ஓர் அங்குலக் காற்றின் மகிமை.

அடுப்பின் வெப்பக் கதிர்களைத் தகடு தன் மேல் வாங்கிக்கொள்கிறது. தகடு சுடுகிறது. அதன் பின்னால் இருக்கும் காற்றும் சுடுகிறது. சூடான காற்று லேசாகி மேலே ஏறி, தகட்டின் மேல்விளிம்பு வழியாக அறைக்குள் போய்விடுகிறது. அந்த இடத்தை நிரப்ப, தரையோரமாக இருக்கும் குளிர்ந்த காற்று கீழ்விளிம்பு வழியாக உள்ளே வருகிறது. அடுப்பு எரியும்வரை இந்த ஓட்டம் நிற்பதே இல்லை. மோட்டார் கிடையாது, மின்விசிறி கிடையாது. சுவருக்குப் போக வேண்டிய வெப்பம் அறைக்கே திரும்பிவிடுவதால், வீட்டுக்கும் நஷ்டமில்லை.

செங்கல் சுவரைக்கூட நான்கு அங்குல கனத்தில், பின்னால் ஓர் அங்குலம் காற்று ஓடும்படி எழுப்பினால் அதற்கும் 12 அங்குலச் சலுகை உண்டு. வெப்பத்தைத் தடுப்பதில் காற்றோட்டத்துக்கு இருக்கும் மரியாதை அவ்வளவு.

கட்டுவது எப்படி?

முதல் வேலை, அடுப்பின் பின்புறம் இருக்கும் உலோகப் பட்டயத்தைப் படிப்பது. சோதனை முத்திரை பெற்ற நவீன அடுப்புகளில் சிலவற்றுக்கு ஓர் அடிக்கும் குறைவான இடைவெளியே போதும். சில அடுப்புகளுக்குக் கவசம் வைத்தாலும் தூரத்தைக் குறைக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். அந்தப் பட்டயம் என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். பொது விதி அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, கவசத்தின் அளவு. அடுப்பின் அகலத்துக்கு மட்டும் தகடு வைத்தால் போதாது. கனடாவின் வழிகாட்டு விதிகள், கவசம் அடுப்பின் இரு பக்கமும் 45 சென்டிமீட்டர் கூடுதலாகவும், அடுப்பின் மேல்தளத்துக்கு மேலே 50 சென்டிமீட்டர் உயரமாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. மூலையில் வைக்கும் அடுப்பு என்றால் இரண்டு சுவர்களுக்கும் கவசம் வேண்டும்.

மூன்றாவது, தாங்கிகள். தகட்டையோ சிமென்ட் போர்டையோ சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நிறுத்த, எரியாத பொருளால் ஆன சிறு குழாய்த் துண்டுகளைப் பயன்படுத்துவார்கள். உலோகக் குழாயை ஓர் அங்குல நீளத்துக்கு வெட்டி, அதற்குள் திருகாணியைச் செலுத்தி, சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தில் முறுக்குவது எளிய முறை. பீங்கான் தாங்கிகளும் கடையில் கிடைக்கும். மரத்துண்டை மட்டும் தாங்கியாக வைக்கவே கூடாது. அடுப்புக்கு நேர் பின்னால் தாங்கி வரக் கூடாது என்பதும் முக்கியம். அதிகச் சூடு விழும் இடம் அது. அங்கே திருகாணி இருந்தால் சூட்டை நேராக மரத்துக்குக் கடத்திவிடும்.

நான்காவது, கீழும் மேலும் திறப்பு. கவசம் தரையைத் தொடக் கூடாது. குறைந்தது ஓர் அங்குலம் விட வேண்டும். மேலேயும் அப்படியே. கனடா விதியில், கூரைக்கும் கவசத்தின் மேல்விளிம்புக்கும் இடையே 7.5 சென்டிமீட்டர் விடச் சொல்கிறார்கள்.

செங்கல் சுவராக எழுப்புகிறவர்கள், அடிவரிசையிலும் மேல்வரிசையிலும் இடையிடையே செங்கற்களை விட்டுவிட்டு வைத்துக் காற்றுக்கு வழி செய்வார்கள். ஆனால், எடையைக் கவனிக்க வேண்டும். நான்கு அங்குலச் செங்கல் சுவர் ஒரு சதுர அடிக்குச் சுமார் 18 கிலோ கனக்கும். ஐந்து அடி அகலம், ஆறு அடி உயரம் என்றால் 540 கிலோ! மரத்தளம் அதைத் தாங்குமா என்று தெரிந்தவரிடம் கேட்காமல் எழுப்பினால், தீக்குத் தப்பித் தளம் இறங்கிய கதையாகிவிடும்.

அழகுக்குள் ஒளிந்த ஆபத்து

இந்த விஷயத்தில் அதிகம் பேர் ஏமாறும் இடம் டைல்ஸ்தான். சுவரில் நேராகக் கருங்கல் பட்டையோ, செங்கல் போன்ற டைல்ஸோ ஒட்டி, அதன் முன்னால் அடுப்பை வைத்தால் பார்க்க அம்சமாக இருக்கும். 'கல் எரியாதே' என்று மனசும் சமாதானமாகிவிடும். கல் எரியாதுதான். ஆனால் சூட்டை வாங்கி, பின்னால் ஒட்டியிருக்கும் ஜிப்சம் பலகைக்கும், அது வழியாக மரச்சட்டத்துக்கும் கடத்திவிடும். மரச்சுவரில் நேராக ஒட்டிய டைல்ஸுக்கு விதிப்படி ஓர் அங்குலச் சலுகைகூடக் கிடையாது. எரியாத பொருள் என்பது வேறு, எரிவதைக் காக்கும் பொருள் என்பது வேறு.

ஜிப்சம் பலகையை நம்புவதும் அப்படித்தான். ஜிப்சத்தின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, அதனுள் வேதியியல் முறையில் கட்டுண்ட நீர். திடீரென்று தீப்பிடித்தால் அந்த நீர் ஆவியாகி, தீ பரவுவதைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்தும். ஆனால் வருடக்கணக்கில் தினமும் சூடேறினால் அந்த நீர் போய், பலகை பொடியத் தொடங்கும். அதன் முகத்தில் ஒட்டியிருப்பதும் காகிதம்தான்.

அளப்பதிலும் ஒரு தவறு நடக்கும். அடுப்பிலிருந்து கவசம்வரை அளந்துவிட்டு, 'பன்னிரண்டு அங்குலம் இருக்கிறது' என்று திருப்திப்படுவார்கள் சிலர். வேறு சிலர் டைல்ஸ் வரை அளப்பார்கள். விதி கேட்பது, அடுப்பின் வெளிப்பக்கத்திலிருந்து எரியக்கூடிய சுவர்வரை உள்ள தூரம். நடுவில் இருக்கும் கவசத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. எரியக்கூடிய சுவர் என்றால் பெயின்ட் அடித்த அந்த ஜிப்சம் பலகையும் சேர்த்துத்தான்.

எல்லாம் சரியாகக் கட்டிய பிறகும் கெடுத்துக்கொள்ள வழியுண்டு. கவசத்தின் கீழே எலி, தூசி போகிறது என்று மரப்பட்டி அடித்து மூடிவிடுவது ஒன்று. மேல் திறப்பு அசிங்கமாக இருக்கிறது என்று சிமென்ட் பூசிவிடுவது இன்னொன்று. காற்று நின்றால் கவசமும் சாதாரணத் தகடுதான்.

பழைய வீடு வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு காலத்தில் அடுப்புக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் அட்டைகளை அடிப்பது வழக்கமாக இருந்தது. அதன் இழைகள் நுரையீரலுக்கு எமன். அதுபோன்ற பழைய சாம்பல்நிற அட்டை தென்பட்டால், துளையிடாமல், உடைக்காமல், முதலில் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.

சுவரோடு முடியவில்லை

அடுப்பிலிருந்து கிளம்பும் புகைக்குழாயும் கொதிக்கிற பொருள்தான். ஒற்றைச் சுவர்க் குழாய் என்றால் எரியக்கூடிய சுவரிலிருந்து 18 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். இரட்டைச் சுவர்க் குழாய் வாங்கினால் பெரும்பாலும் 6 அங்குலம் போதும். அடுப்பைச் சரியாகத் தள்ளி வைத்துவிட்டு, அதன் குழாயைச் சுவரை உரசியபடி வளைத்துக்கொண்டுபோனால் கவசம் கட்டியும் பயனில்லை.

ஈர விறகை எரித்தாலோ, காற்றைக் குறைத்துப் புகையவிட்டாலோ, குழாயின் உள்ளே கிரியோசோட் என்ற தார் போன்ற படிவு சேரும். அது தீப்பிடித்தால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1,000 டிகிரியைத் தொடும். அதனால்தான் ஆண்டுக்கு ஒருமுறை புகைபோக்கியைச் சோதித்துச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். ஜெர்மனியில் இன்னும் கண்டிப்பு. புதிய அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால், அந்த வட்டாரத்தின் அதிகாரபூர்வப் புகைபோக்கிப் பணியாளர் வந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

அடுப்பின் முன்னால் தரைக்கும் காப்பு வேண்டும். கதவைத் திறக்கும்போது ஒரு கங்கு தெறித்தால், அது விழ வேண்டியது கம்பளத்தில் அல்ல. கனடாவில் கதவுப் பக்கம் 45 சென்டிமீட்டரும் மற்ற பக்கங்களில் 20 சென்டிமீட்டரும் எரியாத தளம் கேட்கிறார்கள். அள்ளிய சாம்பலில் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். அதை மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, வீட்டிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி வைக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் கொட்டி வராந்தாவில் வைத்து, வீட்டைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

கூடவே, புகை அலாரமும் கார்பன் மோனாக்ஸைடு அலாரமும் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவரை அது எழுப்பாது.

பழைய அடுப்பு இருக்கும் வீட்டில் இன்றே என்ன செய்யலாம்?

அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருக்கும் ஓர் இரவில், பின்னால் இருக்கும் சுவரைத் தொட்டுப் பார்ப்பது எளிய முதல் சோதனை. கை வைத்திருக்க முடியாமல் எடுக்க நேர்ந்தால், சுவர் தாங்க வேண்டியதைவிட அதிகமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெயின்ட் பழுப்பேறுவதும், உரிவதும், கருகிய வாடை வருவதும் அதைவிடத் தீவிரமான எச்சரிக்கைகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும், அடுப்பை நிறுத்திவிட்டுச் சுவரைத் திறந்து பார்க்கச் சொல்வதுதான் புத்திசாலித்தனம். சுவர் சில்லென்று இருந்தாலும் அளக்கும் வேலை மிச்சம் இருக்கிறது. கை சொல்வது அன்றைய இரவின் கதையை மட்டும்தான்.

ஏற்கெனவே அழகான டைல்ஸ் ஒட்டிய சுவர் இருந்தால் உடைக்க வேண்டியதில்லை. அடுப்பை விதிப்படி முன்னால் இழுக்கலாம். அல்லது டைல்ஸுக்கு முன்னாலேயே ஓர் அங்குலம் தள்ளி ஒரு தகட்டுக் கவசம் நிறுத்தலாம். அடுப்பின் நிறத்திலேயே பெயின்ட் அடித்த தகடுகளும், செம்புத் தகடுகளும் பார்க்கவும் நன்றாகவே இருக்கும். வேலையைத் தொடங்கும்முன் உள்ளூர்க் கட்டட அலுவலகத்தில் அனுமதி பெற்று, முடிந்ததும் அதிகாரியை அழைத்துக் காட்டுவது அவசியம். அனுமதி இல்லாமல் பொருத்திய அடுப்பால் தீப்பிடித்தால், இன்ஷூரன்ஸ் பணம் கைக்கு வருவது சந்தேகமே.

இந்தியாவிலும் காஷ்மீர், லடாக், இமாச்சலப் பிரதேசம் போகிறவர்கள் அறையின் நடுவே 'புகாரி' என்ற தகர அடுப்பு எரிவதைப் பார்த்திருப்பார்கள். மரப்பலகைச் சுவர் கொண்ட விடுதி அறைகளிலும் அது எரியும். குளிருக்கு இதமாகக் கட்டிலை அதன் பக்கம் இழுத்துப் போடவும், ஈரச் சாக்ஸை அதன் குழாயில் காயவைக்கவும் கை துறுதுறுக்கும். கட்டில், போர்வை, திரைச்சீலை, சூட்கேஸ் எல்லாவற்றுக்கும் அதே மூன்று அடி விதிதான். படுக்கும்முன் ஒருமுறை கண்ணால் அளந்துவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்துவிட்டுத் தூங்குங்கள்.